கைக்கூலி: இல்லை

கமறியா என்ற பெயரைக் கமறியா பாவிக்கக் கூடாதாம். கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணி பதிவுத் தபாலில் அப்படி எழுதியிருந்தார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தபடியால், தபால்காரர் போன கையோடு கமறியா அபாயாவை மாட்டிக்கொண்டு பாலாவிச் சந்திக்கு நடந்தாள். சந்தியில்தான் றஸீனின் சில்லறைக் கடை. பன்னிரண்டு வருடமாக அவளுடைய கூனிச் சம்பலை விற்றுக் கொடுக்கிற மனிதர் அவர். ஆங்கிலமும் வாசிப்பார், சிங்களமும் வாசிப்பார். கடிதத்தை ஒரு தரம் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார்.

"என்ன எழுதி இரிக்கி, றஸீன் நானா?"

"உங்கட பேர நீங்க போத்தல்ல ஒட்டப்படாதாம். கடைகளுக்குப் போட்டதெல்லாம் பதினாலு நாளைக்குள்ள திருப்பி எடுக்கோணுமாம். இல்லாட்டிக் கோட்டுக்குப் போவாங்களாம்."

"என்ட பேரையா?"

"ஓம். அது இப்ப அஸ்ஹான்ட பேராம்."

அஸ்ஹான் என்பவன் வழியில் போகிற வழிப்போக்கன் இல்லை. கமறியாவின் ஒரே மகள் சிபானாவை நிக்காஹ் செய்தவன். மருமகன். இந்தப் பக்கத்தில் ஆட்டைக் களவெடுத்தவன் இருக்கிறான், வலையைக் களவெடுத்தவன் இருக்கிறான், உப்பு மூட்டையை லொறியோடு கொண்டுபோனவனும் இருக்கிறான். ஒரு மனுசியின் பெயரைக் களவெடுத்துவிட்டு, அவளையே கள்ளி என்று பதிவுத் தபால் போடுகிற களவை அதுவரை யாரும் கண்டதில்லை. இதில் நெஞ்சு எரிகிற விசயம் என்னவென்றால், கள்ளனுக்குக் கதவைத் திறந்து, கதிரை போட்டு, தேத்தண்ணியும் கொடுத்தவள் கமறியாவேதான்.

அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொன்னால்தான் அவளுடைய வயிற்றெரிச்சல் விளங்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் அவளுடைய கணவன் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மௌத்தானார். கமறியா இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியில் இறங்கக் கூடாது, அந்நிய ஆண்களின் முகம் பார்க்கக் கூடாது. ஆனால் இத்தா இருக்கிறவளுக்கும் வயிறு பசிக்கும், அவள் பெற்ற பிள்ளைக்கும் பசிக்கும். பள்ளிவாசலிலிருந்து ஒரு அரிசி மூட்டை வந்தது, அதற்குப் பிறகு துஆ மட்டும் வந்தது. அப்போது அவள் கூனியை எடுத்தாள். கூனி என்பது களப்பில் அள்ளுகிற பொடி இறால். காய வைத்தால் நெல்லுமியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். மண் போகப் புடைத்து, எண்ணெய் விடாமல் வறுத்து, செத்தல் கொச்சிக்காயும் வெள்ளைப்பூடும் சேர்த்து உரலில் இடித்து, கடைசியில் தேசிக்காய் விட்டாள். றஸீனின் மனைவி வந்து போத்தல்களைக் கடைக்குக் கொண்டுபோனாள்.

கடையில் வேறு இரண்டு மூன்று பெண்களின் சம்பலும் இருந்தது. எது யாருடையது என்று தெரியவேண்டுமே என்று றஸீன் ஒரு துண்டு பிளாஸ்டரை ஒட்டி, பேனையால் 'கமறியா' என்று எழுதிவைத்தார். அவ்வளவுதான் அந்தப் பெயரின் பிறப்பு. பாலாவியில் சீமெந்து ஏற்ற வருகிற லொறிக்காரர்கள் பாணுக்குத் தொட்டுச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். அடுத்த முறை வந்தபோது சம்பல் என்று அவர்கள் கேட்கவில்லை. "கமறியா தியெனவாத?" என்று கேட்டார்கள். கமறியா இருக்கிறதா என்று. வீட்டுக்குள்ளே அடைபட்டிருந்த ஒரு கைம்பெண்ணின் பெயர் குருநாகலைத் தாண்டித் தம்புள்ளைவரை லொறியில் போனது. இத்தா முடிந்து அவள் முதல்முதலாகச் சந்திக்கு வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு சிங்களச் சாரதி அவள்தான் கமறியா என்று கேள்விப்பட்டு எழுந்து நின்றான். அந்தச் சந்தோசத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் குறைந்துபோகும் என்று பயம்.

ஏழு வருடம் அப்படிப் போனது. பிறகு சிலாபம் பக்கத்தில் ஒருவன் 'கமரியா' என்று போத்தல் போட்டான். அதே பச்சை லேபிள், அதே மூடி. றி இருந்த இடத்தில் ரி. தமிழ் வாசிக்கிறவன் கண்டுபிடிப்பான், சிங்களத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அவன் கூனியைப் புடைக்கவுமில்லை, ஒழுங்காகக் காய வைக்கவுமில்லை. தின்றவர்களுக்குப் பல்லில் மண் கடிபட்டது. ஆட்கள் போத்தலைத் தூக்கிக்கொண்டு றஸீனின் கடைக்கு வந்து ஏசினார்கள்.

"என்ட பேரச் சொல்லி மண்ணத் திங்கக் குடுக்கிறானே" என்று கமறியா அழுதாள். வியாபாரம் குறைந்ததற்காக அவள் அழவில்லை. அவள் சுளகில் ஏழு தரம் புடைக்கிறவள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிபானாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அஸ்ஹான், கொழும்பில் லேபிள் அச்சடிக்கிற ஒரு கொம்பனியில் வேலை. பதிவு, பத்திரம், கந்தோர் எல்லாம் தண்ணி பட்ட பாடு. அவனுடைய வாப்பா ஹயாத்து முகம்மது ஹாஜியார் புத்தளத்தில் ஒரு பள்ளிவாசலின் நிர்வாகத்தில் இருந்தார். சீதனம் ஹராம், சீதனம் வாங்குகிறவன் ஆண்பிள்ளை இல்லை என்று மேடை கிடைத்தால் முழங்குவார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அஸ்ஹான் அலுமாரிக்கு மேலே இருந்த கள்ளப் போத்தலைக் கண்டான்.

"மாமி, இத இப்பிடியே உடப்படாது. பேர வியாபாரக் குறியாப் பதியோணும். பதிஞ்சாத்தான் அது உங்கட. பதியாம இருந்தா ரோட்டுல கிடக்கிற தேங்கா மாதிரித்தான், ஆரும் எடுப்பாங்க."

பெண் பார்க்க வந்தவன் பெண்ணை விட்டுப் போத்தலைப் பார்க்கிறானே என்று அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என்ன பொறுப்பான பிள்ளை என்று உருகிப்போனாள்.

ஹாஜியார் பேச்சை எடுத்தார். "எங்களுக்கு ஒண்டும் வேணாம், தங்கச்சி. ஊடு கேக்கல்ல, காசு கேக்கல்ல. அந்தப் பேர மட்டும் மவன்ட பேருல பதிஞ்சு உடுங்க. ஒரு ஆம்புளட பேருல இருந்தாத்தான் கோடு கச்சேரிக்கு ஏறி எறங்க லேசு. அது சீதனமில்ல, பொறுப்பு."

கமறியாவின் தம்பி சாஹுல் ஹமீதுக்கு அது நியாயமாகப் பட்டது. அவளுக்கும் பட்டது. எனக்கென்று இருக்கிறதெல்லாம் சிபானாவுக்குத்தானே, சிபானாவுடையது அவள் புருசனுடையதும்தானே என்று கணக்குப் போட்டாள். தன் பெயரை அஸ்ஹான் வியாபாரக் குறியாகப் பதிவதற்குத் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவன் தட்டச்சில் கொண்டுவந்த கடிதத்தில் கையொப்பம் வைத்தாள். வேலிக்கு என்று நட்டது பயிரை மேயும் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் ஒரு வழி இருந்திருக்கும். நிக்காஹ் அன்றைக்கு அவள் செய்த வேலைதான் எல்லாவற்றுக்கும் மேல். ஆண்கள் எல்லாரும் மண்டபத்தின் முன்பக்கம், பெண்கள் திரைக்குப் பின்னால். பதிவுகாரர் புத்தகத்தை விரித்து, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் எவ்வளவு என்று கேட்டு எழுதினார். அடுத்த கட்டம் கைக்கூலி. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதை எழுதுகிற இடம் அது. அதில் எழுதி வைத்தால், நாளைக்கு ஏதும் நடந்தால் பெண், நிக்காஹ் வழக்குகளை விசாரிக்கிற காதியாரிடம் போய் அதைத் திருப்பிக் கேட்கலாம். சாஹுல் ஹமீது எழுந்து திரைக்கருகில் வந்தார்.

"ராத்தா, கைக்கூலி என்ன எண்டு கேக்கிறாங்க. அந்தப் பேரு விசயத்த எழுதச் சொல்லட்டா?"

திரைக்கு இந்தப் பக்கம் எண்பது பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். சற்று முன்னர்தான் ஹாஜியார் ஒலிவாங்கியில், இது ஒரு சதமும் வாங்காத கலியாணம் என்று சொல்லியிருந்தார். சீதனம் இல்லாமல் மகளைக் கட்டிக் கொடுத்தவள் என்ற பேச்சு கமறியாவின் காதில் அதற்குள்ளேயே இனித்துக்கொண்டிருந்தது. ஒரு உப்பளத் தொழிலாளியின் கைம்பெண்ணுக்கு அந்த மரியாதை எத்தனை தரம் கிடைக்கும்?

"இல்லையெண்டு எழுதச் சொல்லுங்க, தம்பி. நாலு பேரு பாக்கட்டும்."

சாஹுல் ஹமீது போய் உரத்த குரலில் இல்லை என்றார். பதிவுகாரர் இல்லை என்று எழுதினார். மண்டபம் முழுக்க மாஷா அல்லாஹ் என்றது. கமறியாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அஸ்ஹான் சொன்னதைச் செய்தான், அதை மறைக்கக் கூடாது. பெயர் பதிவானதும் சிலாபத்துக்காரனுக்குச் சட்டத்தரணியைக்கொண்டு ஒரு கடிதம் அனுப்பினான். இரண்டு மாதத்தில் கள்ளப் போத்தல் ஒன்றுகூடச் சந்தையில் இல்லை. கமறியா அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை றஸீனிடம் கொடுத்து, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டச் சொன்னாள். என்ட மருமவன், என்ட மருமவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

பிறகு அவன் கொழும்பு வேலையை விட்டுவிட்டு முந்தலில் சிபானாவோடு ஒரு மாடி வீட்டில் குடியேறி, பக்கத்தில் நீளமாகத் தகரக் கொட்டில் போட்டு மெசின் இறக்கினான். போத்தல் போய்ப் பிளாஸ்டிக் பைக்கற் வந்தது. கமறியா தினமும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். புடைக்க ஆளில்லை. காரத்தைக் குறைத்துச் சோளமாவைக் கலந்தார்கள். அவள் சண்டை பிடித்தாள்.

"மாமி, ஆக்கள் இப்ப நாக்கால திங்கல்ல, கண்ணாலதான் திங்கிறாங்க" என்றான் அவன்.

அவள் போகிறதை நிறுத்தினாள். போகச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

கலியாணமாகி நாலாம் வருடம் அஸ்ஹான் குருநாகலில் இன்னொரு நிக்காஹ் செய்தான். சிபானாவுக்கு அது தெரியவந்தது நாலு மாதம் கழித்து. அதைக்கூட அவள் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். புது மனைவியின் வீட்டார் முந்தலைப் பார்க்க வந்த நாளில் சிபானா தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தாள். இது ஆர் என்று அவர்கள் கேட்டார்கள். "இங்க வேல பாக்கிற புள்ள" என்றான் அஸ்ஹான். சிபானா தட்டை மேசையில் வைத்தாள். மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு, உடுத்த உடுப்போடு பஸ் ஏறி உம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். "நான் மௌத்தானாலும் என்ட மையத்து அந்த ஊட்டுக்குப் போகப்படாது" என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி அவள் வாயால் ஒரு கதையும் வரவில்லை.

கமறியா மறுநாளே உரலைக் கழுவினாள். தாயும் மகளுமாகப் புடைத்தார்கள், வறுத்தார்கள், இடித்தார்கள். பழையபடி போத்தலில் 'கமறியா' என்று ஒட்டி றஸீனின் கடைக்குக் கொடுத்தார்கள். சனம் கண்டதும் தூக்கியது. பைக்கற்றுகள் தூசு படிந்து கிடந்தன. ஏழாவது வாரம்தான் அந்தக் கடிதம் வந்தது.

றஸீன் மேசை இலாச்சிக்குள் கையை விட்டுப் பழைய பிரதியை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சிலாபத்தானுக்குப் போட்ட அதே கடிதந்தான் புள்ள. மேல இரிக்கிற பேர மட்டும் மாத்தி இரிக்காங்க."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டது என்பார்கள். கமறியா மண்ணைப் போட்டது மட்டுமில்லை, அதைச் சந்தியில் வைத்து ஊருக்கு வாசித்தும் காட்டியிருந்தாள்.

புத்தளத்தில் ஒரு பெண் சட்டத்தரணியைப் போய்க் கண்டாள். அவர் எல்லாக் கடதாசியையும் பொறுமையாகப் பார்த்தார். "சம்மதக் கடிதத்துல சைன் உங்கடதானே? வழக்குப் போடலாம், ஆனா வருசக் கணக்காகும். அதுக்குள்ள நீங்க இந்தப் பேருல ஒரு போத்தலும் விக்கேலாது" என்றார். பிறகு ஒன்று கேட்டார். "கலியாணத்துக்காகத்தானே இந்தப் பேரக் குடுத்தீங்க? அத நிக்காஹ் புத்தகத்துல கைக்கூலியா எழுதினீங்களா? எழுதி இருந்தா உங்கட மகள் காதியார்ட்டப் போய்த் திருப்பிக் கேக்கலாம். அது லேசான வழி."

இல்லை என்று எழுதச் சொன்னதே தான்தான் என்று கமறியா சொன்னாள். இருந்தாலும் கேட்டுப் பார்ப்போம் என்று காதியாரிடம் விண்ணப்பம் போட்டார்கள்.

காதி நீதிமன்றம் என்றதும் தூணும் மாடியுமாக நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையில் பாடசாலை வகுப்பறை ஒன்றில் நடக்கும். சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் மடங்க உட்கார்ந்துகொண்டு தாயும் மகளும் நியாயம் கேட்டார்கள். காதியார் பதிவுப் பிரதியை விரித்து, கைக்கூலி, இல்லை என்று வாசித்தார்.

"நாங்க ஒண்டும் வாங்கல்ல எண்டு ஊருக்கே தெரியும்" என்றார் ஹயாத்து முகம்மது ஹாஜியார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊருக்கு அப்படித்தான் தெரியும்.

சாஹுல் ஹமீது எழுந்தார். "காதியார், பேரக் குடுத்தது சீதனமாத்தான். அண்டைக்கு எழுதல்ல, அவ்வளவுதான்."

"அண்டைக்கு இல்லையெண்டு சொன்னது ஆரு?"

"நான்தான்."

"அண்டைக்குச் சொன்னது பொய்யா, இல்லாட்டி இண்டைக்குச் சொல்றதா?"

சாஹுல் ஹமீது உட்கார்ந்துவிட்டார். காதியாரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் இருந்தது ஒரு சொல்தான். வேறு சாட்சி இருந்தால் கொண்டுவரச் சொல்லித் தவணை போட்டார். சம்பந்தம் பேசிய நாளில் கூட இருந்த ஆறேழு பேரின் வீட்டுக்குக் கமறியா நடந்தாள். ஒருவருக்கு ஞாபகமில்லை. ஒருவருக்குச் சலரோகம். ஒருவர் கொழும்புக்குப் போய்விட்டதாக அவருடைய மனைவி சொன்னாள், அறைக்குள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. நக்குண்டார் நாவிழந்தார். ஹாஜியாரின் பிரியாணி அப்படிப்பட்ட பிரியாணி.

தவணைக்கு ஐந்து நாள் இருக்கும்போது அஸ்ஹானும் ஹாஜியாரும் வீடு தேடி வந்தார்கள். காலை பத்து மணி வெயில். சிபானா முற்றத்தில் பாயை விரித்துக் கூனி காய வைத்துக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் எழுந்து வீட்டின் பின்பக்கம் போனாள். கமறியா கதிரையைக் காட்டினாள், தேத்தண்ணி கொடுக்கவில்லை.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, குடும்பப் பிரச்சினய வகுப்பறையில வச்சுக் கதைக்கிறது ரெண்டு பக்கத்துக்கும் அவமானம்."

அவமானம் என்றால் அவருக்குப் பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவு. அடுத்த மாதம் வருகிறது.

அஸ்ஹான் நேராக விசயத்துக்கு வந்தான். "மாமி, ஒளிக்காமச் சொல்றன். குருநாகல்ல கடைக்காரங்க பைக்கற்றத் திருப்பி அனுப்புறாங்க. உங்கட கை இல்லாம அது சரிவரல்ல. நீங்க முந்தலுக்கு வாங்க, சம்பல உங்கட இஷ்டத்துக்குச் செய்ங்க. புடைக்கப் பத்துப் பேரு போட்டுத் தாறன். பேரயும் உங்கட பேருக்கே மாத்தி எழுதித் தாறன். விக்கிற வேலைய மட்டும் நான் பாக்கிறன்."

கமறியா அவனைப் பார்த்தாள். அவன் பொய் சொல்கிற முகத்தோடு இருக்கவில்லை.

"அதுக்கு?"

"சிபானா வரோணும். வழக்க வாபஸ் எடுத்துட்டு வந்து இரிக்கட்டும். மேல் மாடி அவளுக்கு, மத்தவ கீழ. ரெண்டு பேரும் முகம் பாக்கத் தேவல்ல. என்ட புள்ளையும் வாப்பாட்ட இரிக்கும்."

இந்த இடத்தில் கமறியாவுக்கு என்ன நடந்தது என்பதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். அவளுக்கு முதலில் தெரிந்தது சிபானாவின் முகம் இல்லை. பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புடைப்பது தெரிந்தது. அவளுடைய பெயர், அவளுடைய எழுத்தில், தம்புள்ளைக்கும் அதற்கு அப்பாலும் போவது தெரிந்தது. கமறியா என்றால் யார் என்று கேட்டால் நான்தான் என்று சொல்லிக்கொண்டு எழுந்து நிற்கலாம். அதற்குப் பிறகுதான் மகளின் முகம் வந்தது, தேத்தண்ணித் தட்டோடு. அந்த இரண்டுக்கும் நடுவில் அவள் வாய் திறந்து பதில் சொல்லிவிட்டது.

"யோசிச்சுச் சொல்றன்."

ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். இருவரும் எழுந்து போனார்கள்.

சிபானா உள்ளே வந்தாள். கையில் சுளகு இருந்தது. பின்பக்க யன்னல் திறந்திருந்ததைக் கமறியா அப்போதுதான் கண்டாள்.

"என்னத்த உம்மா யோசிக்கப் போறீங்க?"

"ஊடு தேடி வந்தவங்களுக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி உடனே சொல்லேலுமா, மவள்?"

"ஏலும்."

சிபானா முற்றத்துக்குப் போய்க் கூனியைக் கிளறிவிட்டாள். அன்றைக்கு முழுக்கத் தாயோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கமறியாவுக்குக் கோபம் வந்தது. நான் என்ன ஓம் என்றா சொன்னேன், யோசிக்கிறேன் என்றுதானே சொன்னேன் என்று தனக்குள்ளேயே வழக்காடினாள். அஸருக்குத் தொழுது முடிக்கும்போது அவளுக்கு மனம் தெளிந்துவிட்டது. மகளை அந்த வாசலுக்கு அனுப்பி எடுக்கிற பெயர் பெயரே இல்லை. அஸ்ஹானிடம் முடியாது என்று சொல்வது என்று முடிவெடுத்தாள். அதை அப்போதே எழுந்து போய்ச் சிபானாவிடம் சொல்லியிருக்கலாம். பெற்ற தாயைச் சந்தேகப்பட்டவள்தானே, கொஞ்சம் கிடந்து தவிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த வீம்பு அவள் கூடவே பிறந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அஸ்ஹானுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மருமவன், என்ட மவள் வரமாட்டா. பேர நீங்களே வச்சுக்கொள்ளுங்க."

"மாமி, சிபானா நேத்துப் பின்னேரமே கோல் எடுத்து வாறன் எண்டுட்டாவே. உங்களுக்குத் தெரியாதா?"

கமறியா அறைக்குள் ஓடினாள். உடுப்புப் பை கட்டி ஆயத்தமாக இருந்தது. சிபானா பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் வேணாமெண்டு சொல்லிட்டன் புள்ள. இப்பத்தான் சொன்னன். கேட்டுப் பாரு."

"அவர்ட்ட ஒரு நிபந்தனை சொல்லி இரிக்கன், உம்மா. உங்கட பேருக்கு மாத்துற கடதாசியில அவர் சைன் வைக்காம நான் அந்த ஊட்டுக்குள்ள கால் வைக்கமாட்டன். வாயால இல்ல, எழுத்துல."

"எனக்கு அந்தப் பேரு வேணாம். நெருப்புல போடு அத. நீ போகப்படாது."

"இத நேத்து அவங்க இரிக்கக்குள்ள சொல்லி இருந்தீங்கெண்டா நான் இங்கதான் இருந்திருப்பன்." சிபானாவின் குரல் உயரவில்லை. "அங்க என்னைய வேலைக்காரி எண்டாங்க. சரி. இங்கயும் நான் ஆரெண்டு நேத்துத் தெரிஞ்சி போச்சி. ரெண்டு இடமும் ஒண்டுதான் எண்டா, புள்ளைக்கு வாப்பாவாவது மிஞ்சட்டும்."

கமறியா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். சிபானா தாயை இலேசாக விலக்கிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். பிள்ளை மட்டும் உம்மும்மாவுக்குக் கை காட்டியது. ஆட்டோ கல்பிட்டி வீதியில் ஏறிச் சந்திப் பக்கம் திரும்பியது.

சிபானா சொன்னபடியே வாங்கினாள். மூன்றாவது வாரம் முந்தலிலிருந்து கடித உறை ஒன்று வந்தது. பெயரை மாற்றிக் கொடுக்கிற பத்திரம். இந்த முறை தமிழிலும் ஒரு பிரதி வைத்திருந்தார்கள், வாசிக்க றஸீனிடம் போகத் தேவை இருக்கவில்லை. கமறியா என்ற பெயர் இனிமேல் கமறியாவுக்கே உரியது என்று தெளிவாக எழுதியிருந்தது. அஸ்ஹான் கையொப்பம் வைத்திருந்தான். சாட்சியின் இடத்தில் சிபானா வைத்திருந்தாள். அவற்றுக்குக் கீழே பெறுகிறவரின் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

நெருப்பில் போடு என்று வாசலை மறித்துக் கத்தியவள் அவள்தான். அடுப்பிலும் நெருப்பு இருந்தது. கமறியா கடதாசியை மேசையில் வைத்துவிட்டு லுஹர் தொழுதாள், சோறு தின்றாள், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, தன் பெயரை எழுதினாள்.